முன்சக்கரங்களை அறிந்த மனிதர்: தார்க்குவீனி பற்றி வாசகர்கள் கேட்டவை

கார் பந்தயப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பல இந்த முறை ஒரே பெயரைச் சுற்றி வந்தன: இத்தாலியின் காப்ரியேலே தார்க்குவீனி. 1962-இல் ஜூலியானோவா என்ற கடலோர ஊரில் பிறந்தவர். கடையில் விற்கும் கார்களைப் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டும் டூரிங் கார் பந்தயத்தில் நான்கு பெரிய பட்டங்கள் வென்றவர்: 1994-இல் பிரிட்டிஷ் பட்டம், 2003-இல் ஐரோப்பியப் பட்டம், 2009-இல் உலகப் பட்டம், 2018-இல் டி.சி.ஆர். (டூரிங் கார் விதிமுறைகளில் ஒன்று) உலகக் கோப்பை. முதல் பட்டத்தின்போது வயது 32, கடைசிப் பட்டத்தின்போது 56. அவரைப் பற்றியும் அவர் ஓட்டிய கார்களைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கே: ஃபார்முலா ஒன்னில் 78 பந்தயங்களுக்குப் பெயர் கொடுத்து ஒரே ஒரு புள்ளி எடுத்தவர் தார்க்குவீனி. அப்படிப்பட்டவர் எப்படி உலகச் சாம்பியன் ஆனார்? ஃபார்முலா ஒன்னில் தோற்றவர்கள் ஒதுங்கும் இடமா டூரிங் கார்?
– வாசகர், மதுரை

ப: அந்த 78-ஐப் பிரித்துப் பாருங்கள். 38 முறைதான் பந்தயத்தில் புறப்பட்டார். 15 முறை தகுதிச் சுற்றில் வெளியேறினார். மீதி 25 முறை, தகுதிச் சுற்றுக்குள் நுழைவதற்கே வைத்த முன்தகுதிச் சுற்றில் நின்றுவிட்டார். அந்த 25 இன்றும் சாதனைக் கணக்கில் இருக்கிறது.

1989-இல் ஃபார்முலா ஒன்னுக்கு 39 கார்கள் வந்தன. தகுதிச் சுற்றில் 30 பேருக்குத்தான் இடம், பந்தயத்தில் 26 பேருக்கு. எனவே கடந்த அரையாண்டில் பின்தங்கிய அணிகளும் புது அணிகளும் வெள்ளிக்கிழமை காலையிலேயே ஒரு மணி நேரச் சோதனைக்கு வர வேண்டும். 13 கார்களில் நான்கு தேறும், ஒன்பது மூட்டை கட்டும். மற்ற அணிகளின் மெக்கானிக்குகள் காலை உணவு முடிக்கும் முன்பே அந்த ஒன்பது பேரின் வார இறுதி முடிந்துவிடும். தார்க்குவீனி ஓட்டிய ஏ.ஜி.எஸ். சிறிய பிரெஞ்சு அணி. அந்தக் காரிலேயே 1989 மெக்சிகோ பந்தயத்தில் ஆறாவதாக வந்து ஒரு புள்ளி எடுத்தார். பெரிய அணியில் இருப்பவர் மேடை ஏறுவதைவிட அந்த ஆறாமிடம் கடினம் என்பது எங்கள் கருத்து. 1992-இல் ஃபோண்ட்மெட்டல் அணியில் தகுதி பெறும் வேகம் இருந்தது. ஆனால் கார் பெரும்பாலான பந்தயங்களில் பாதி வழியில் நின்றது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1989-இல் ஏ.ஜி.எஸ்.ஸின் இன்னொரு காரில் இருந்த ஜெர்மானியர் யோவாகிம் விங்கெல்ஹோக், முயன்ற அத்தனை முறையும் முன்தகுதியில் தோற்றார். அவர்தான் 1993-இல் பி.எம்.டபிள்யூ. காரில் பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன். மறு ஆண்டு அதே பட்டம் தார்க்குவீனிக்கு. ஃபார்முலா ஒன்னின் கடைசி வரிசையில் ஒன்றாக நின்ற இருவர், அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தக் காலத்தின் கடுமையான டூரிங் கார் தொடரை வென்றிருக்கிறார்கள். ஓட்டுநர்களிடம் குறை இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

கே: 1994-இல் ஆல்ஃபா ரோமியோ ஏமாற்றி ஜெயித்தது என்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

ப: ஏமாற்றவில்லை. விதியை மற்றவர்களைவிட நன்றாகப் படித்தார்கள்.

அன்றைய சூப்பர் டூரிங் விதிப்படி காரின் வெளி வடிவம் கடையில் விற்கும் காரைப் போலவே இருக்க வேண்டும். இன்ஜின் இரண்டு லிட்டர், டர்போ கிடையாது, நிமிடத்துக்கு 8,500 சுற்றுக்கு மேல் போகக் கூடாது. ஒரு உதிரி பாகத்துக்கு அங்கீகாரம் வேண்டுமானால் அது பொருத்தப்பட்ட 2,500 சாலைக் கார்கள் விற்பனைக்கு வந்திருக்க வேண்டும். ஆல்ஃபா '155 சில்வர்ஸ்டோன்' என்ற பதிப்பைக் கொண்டுவந்தது. அதன் முன்பம்பரின் கீழ்ப்பலகையை முன்னே இழுத்துப் பொருத்தலாம். பின்பக்க ஸ்பாய்லரை (காற்றால் காரைத் தரையில் அழுத்தும் பலகை) உயர்த்திவைக்கத் துண்டுகள் தனியாகக் கொடுக்கப்பட்டன. சாலையில் யாரும் அதைப் பொருத்தத் தேவையில்லை. ஆனால் காரோடு வந்த பாகம் என்பதால் பந்தயக் காரில் பொருத்தலாம்.

அந்த உயரம் ஏன் அவ்வளவு முக்கியம்? நான்கு கதவு செடான் காரின் கூரையைத் தாண்டி வரும் காற்று பின்கண்ணாடிச் சரிவில் கலங்கிப்போகும். டிக்கி மூடியோடு ஒட்டிக் கிடக்கும் ஸ்பாய்லர் அந்தக் கலங்கிய காற்றில்தான் இருக்கும், அதனால் பெரிதாகப் பயனில்லை. சில சென்டிமீட்டர் உயர்த்தினால் சுத்தமான காற்று கிடைக்கும், பின்சக்கரங்கள் தரையில் அழுந்தும். முன்சக்கர இழுவைக் காரில் (இன்ஜின் விசை முன்சக்கரங்களுக்கு மட்டும் போகும் கார்) பின்பக்கம் எப்போதும் இலேசு, வேக வளைவில் ஓட்டுநருக்குப் பயம் அங்கேதான். பின்பக்கம் நம்பிக்கை கொடுத்துவிட்டால் ஓட்டுநர் முன்சக்கரத்தைத் தாராளமாகப் பயன்படுத்துவார்.

சீசனின் தொடக்கத்தில் தார்க்குவீனி வரிசையாக வென்றுகொண்டே போனார். போட்டியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஔல்டன் பார்க்கில் ஸ்பாய்லரை இறக்கி ஓட்டச் சொன்னபோது ஆல்ஃபா அணி பந்தயத்தில் கலந்துகொள்ளாமலே வெளியேறியது. பிறகு சமரசம் ஆகித் திரும்பி வந்தார்கள். தார்க்குவீனி சாம்பியன், ரெனோவின் அலேன் மெனு இரண்டாமிடம். 1995 முதல் எல்லாக் கார்களுக்கும் முன்பலகையும் பின் இறக்கையும் அனுமதிக்கப்பட்டன. அதுவே அந்தச் சர்ச்சைக்குக் கிடைத்த தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

கே: முன்சக்கர இழுவைக் கார் பின்பக்கமாகச் சுற்றாது, பாதுகாப்பானது என்று டிரைவிங் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். டூரிங் கார் பந்தயத்தில் முதல் சுற்றிலேயே அவை பின்பக்கம் சுற்றி நிற்பதைப் பார்க்கிறேன். எது சரி?
– வாசகி, திருச்சி

ப: சாலையில் உங்கள் பள்ளி சொன்னது சரி. பந்தயக் காரை அமைக்கும் விதமே வேறு.

தார்க்குவீனியின் நான்கு பட்டங்களும் முன்சக்கர இழுவைக் கார்களில் வந்தவை: ஆல்ஃபா 155, ஆல்ஃபா 156, சியட் லியோன், ஹூண்டாய் ஐ30 என். எனவே இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஓட்டுநரோடு சேர்த்து 1,265 கிலோ எடையுள்ள ஒரு டி.சி.ஆர். காரை எடுத்துக்கொள்வோம். இன்ஜின், கியர் பெட்டி, டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கருவி) எல்லாம் முன்னால். நின்ற நிலையில் 62 சதவீத எடை முன்னால் என்று வைத்தால் முன்னே 784 கிலோ, பின்னே 481 கிலோ. எடைமையம் தரையிலிருந்து 45 செ.மீ., இரு அச்சுகளுக்கு இடையே 2.65 மீட்டர். புவியீர்ப்புக்குச் சமமான வேகக்குறைப்போடு பிரேக் பிடித்தால் சுமார் 215 கிலோ பின்னாலிருந்து முன்னால் போகும். இப்போது முன்னே 999, பின்னே 266. ஒரு பின்டயர் மேல் 133 கிலோ மட்டுமே. அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டே எழும்பிவிடும். மூன்று சக்கரத்தில் ஓடும் அந்தப் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

எடை இவ்வளவு குறைவு என்றால் பின்டயர் சூடேறாது. இழுக்கும் வேலை அதற்கில்லை, பிரேக்கிலும் சின்னப் பங்குதான். முன்டயர் ஒரே சுற்றில் வேலை செய்யும் வெப்பத்துக்கு வந்துவிடும். பின்டயருக்கு இரண்டு மூன்று சுற்று ஆகும், குளிர் நாளில் இன்னும் கூடும். இந்த இடைவெளியில்தான் விபத்து. முன்பக்கம் 'நான் தயார்' என்று சொல்ல, ஓட்டுநர் நம்பி வளைவுக்குள் விடுவார், பின்டயர் பிளாஸ்டிக் போல வழுக்கும்.

இதோடு பொறியாளர்களும் வேண்டுமென்றே பின்பக்கத்தை இளக்கி வைப்பார்கள். பின்பக்க ஆன்ட்டி-ரோல் பாரை (கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) விறைப்பாக்குவார்கள். பின்சக்கரங்களின் முன்விளிம்பு கொஞ்சம் வெளிநோக்கிப் பார்க்கும்படி டோ வைப்பார்கள். கார் மூக்கை உள்ளே திருப்ப இது உதவும், முன்டயரின் பாரமும் குறையும். ஆனால் டயர் குளிர்ந்திருக்கும்போது இதே அமைப்பு ஆளைச் சுற்றிவிடும்.

சூடேற்றும் முறை இப்படி: பிட்டிலிருந்து (களத்தோரப் பணிமனை) வெளியே வந்ததும் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான பிரேக் விகிதத்தைப் பின்பக்கம் தள்ளிவைப்பது. நேர்பாதையில் ஆக்ஸிலரேட்டரை விடாமலே இடது காலால் பிரேக்கை இழுத்துப் பிடிப்பது. முன்சக்கரங்களை இன்ஜின் இழுக்க, பின்சக்கர டிஸ்க்குகள் காரைத் தடுக்கும். டிஸ்க் சூடாகும், அதிலிருந்து ரிம்முக்கும் டயருக்கும் வெப்பம் போகும். இடமும் வலமுமாக வளைந்து ஓட்டுவது மேல் ரப்பரைச் சூடாக்கும், உட்கூட்டை அல்ல. பந்தயம் புறப்படுவதற்கு முன் பிரேக் விகிதத்தைத் திரும்ப முன்னே கொண்டுவர மறக்கக் கூடாது. மறந்தால் முதல் வளைவிலேயே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், கார் சுற்றும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்கே.

காற்றழுத்தமும் இதே கதைதான். 20 டிகிரியில் 1.5 பார் (காற்றழுத்த அலகு) அடித்த டயர் 80 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் ஏறத்தாழ 2.0 பார் ஆகும். அதே 1.5 பாரில் தொடங்கிய பின்டயர் 50 டிகிரிக்குத்தான் வந்தால் 1.76 பாரில் நின்றுவிடும். அதுவும் 2.0 தொட வேண்டுமானால் குளிரில் 1.72 அடிக்க வேண்டும். நான்கு டயருக்கும் ஒரே எண் அடிக்கும் அணி, முன்னேயா பின்னேயா என்று ஏதோ ஓரிடத்தில் கட்டாயம் தவறு செய்கிறது.

கே: பந்தயம் முழுவதும் முன்டயரைக் காப்பாற்றுவது என்றால் மெதுவாக ஓட்டுவதா?
– வாசகர், நாகர்கோவில்

ப: இல்லை. ஒரே டயரிடம் இரண்டு வேலையை ஒரே சமயத்தில் கேட்காமல் ஓட்டுவது.

முன்சக்கர இழுவைக் காரில் நிறுத்துவது, திருப்புவது, இழுப்பது மூன்றும் முன்டயரின் தலையில்தான். அது தரும் பிடிமானம் ஒரு குடம் தண்ணீர் என்று வையுங்கள். முழுக் குடத்தையும் திருப்புவதில் கொட்டிவிட்டு, அதே நொடியில் ஆக்ஸிலரேட்டரையும் மிதித்தால் தண்ணீர் எங்கிருந்து வரும்? டயர் வழுக்கும். கார் மூக்கு உள்ளே வராமல் வெளியே தள்ளும். இதைத்தான் அண்டர்ஸ்டீயர் என்கிறார்கள். அனுபவம் இல்லாதவர் உடனே ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புவார். டயர் இன்னும் குறுக்காக உரசும், வெளித்தோள் ரப்பர் சூடாகிச் சுருள் சுருளாகப் பிய்ந்து வரும். வலப்பக்க வளைவுகள் அதிகமான களத்தில் இடது முன்டயர் நான்கு ஐந்து சுற்றில் போய்விடும். அதற்குப் பிறகு திரும்பி வராது.

தெரிந்தவர் செய்வது: நேராக இருக்கும்போதே பெரும்பகுதி பிரேக்கை முடிப்பார். கடைசிச் சிறு அழுத்தத்தை வளைவுக்குள் கொண்டுபோய், பின்பக்கத்தை ஒரு சாண் அளவு நழுவவிட்டுக் காரைத் திருப்புவார். அதாவது, திருப்பும் வேலையில் ஒரு பங்கைப் பின்சக்கரத்திடம் கொடுக்கிறார். நடு வளைவில் அரை நொடி காத்திருப்பார். ஸ்டீயரிங்கை நேராக்கத் தொடங்கிய பிறகே ஆக்ஸிலரேட்டர். சீக்கிரம் மிதித்தால் உள்பக்க முன்சக்கரம் சும்மா சுழலும். டிஃபரன்ஷியல் அதைப் பூட்டும், பூட்டியதும் இரண்டு சக்கரமும் காரை நேராக இழுக்கப் பார்க்கும், கார் இன்னும் வெளியே போகும். அந்த அரை நொடிப் பொறுமைதான் இந்த ஆட்டத்தின் உயிர். 20 வயதில் எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. தார்க்குவீனி வயதான பிறகும் வென்றதற்கு அடிப்படை இங்கேதான் என்று நினைக்கிறோம்.

கெர்ப் கல்லையும் (வளைவின் ஓரத்தில் பதித்த கல்) கவனிக்க வேண்டும். உள்பக்கக் கல்லின் மேல் ஏறினால் வளைவு நேராகும், நேரம் மிச்சம். ஆனால் முன்சக்கரம் காற்றில் எழும்பி, இன்ஜின் விசையோடு மீண்டும் தரையில் விழும்போது டிரைவ் ஷாஃப்ட் (விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) இணைப்பு உடையும். கல்லில் ஏறுவதானால் ஆக்ஸிலரேட்டரைச் சற்றே தளர்த்தி ஏற வேண்டும்.

கே: டீசல் காரில் உலகப் பட்டமா? நம்ப முடியவில்லை.
– வாசகர், கரூர்

ப: நம்பலாம். 2008-இல் பிரான்சின் இவான் முல்லர், 2009-இல் தார்க்குவீனி, இருவருமே சியட் லியோன் டி.டி.ஐ. காரில்தான் வென்றார்கள். 2009-இல் மக்காவில் நடந்த கடைசிச் சுற்று முடிந்தபோது தார்க்குவீனி 127, முல்லர் 123. நான்கு புள்ளி வித்தியாசம், அதுவும் ஒரே அணிக்குள்.

இரண்டு லிட்டர் டர்போ டீசலின் பலம் முறுக்குவிசை. பெட்ரோல் இன்ஜின் உச்சச் சுழற்சியில் தரும் இழுவையை இது பாதிச் சுழற்சியிலேயே தரும். வளைவிலிருந்து வெளியேறும்போது கியரைக் குறைக்க வேண்டியதில்லை, ஒரு கியர் மேலே வைத்தே இழுக்கலாம். கெடுதலும் அதே முறுக்குவிசைதான்: முன்டயர் அதைத் தாங்காது. கூடவே டீசல் இன்ஜினின் எடை, டர்போவின் துணைக்கருவிகள் எல்லாம் மூக்கின் மேல். எனவே அந்தக் காரில் வலது கால் நுணுக்கம் பெட்ரோல் காரைவிட அதிகம் தேவைப்பட்டது. புறப்பாட்டிலும் பிரச்சினை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எடை பின்னே சாயும், முன்சக்கரம் சுழன்று புகையும். பின்சக்கர இழுவை பி.எம்.டபிள்யூ. கார்கள் அதற்குள் இரண்டு வரிசை தாண்டிவிடும். அன்றைய விதியில் முதல் பந்தயம் ஓட்டத்திலேயே தொடங்கும், இரண்டாவது நின்று தொடங்கும், அதுவும் முதல் பந்தயத்தின் முதல் எட்டு இடங்கள் தலைகீழாக. சியட் ஓட்டுநர்கள் முதல் பந்தயத்தில் சேர்த்ததை இரண்டாவதில் காக்க வேண்டியிருந்தது.

அந்தப் பட்டத்தோடு சியட் தொழிற்சாலை அணி விலகிக்கொண்டது. உலகச் சாம்பியன் ஆன கையோடு வேறு அணி தேட வேண்டிய நிலை. டூரிங் கார் ஓட்டுநர் வாழ்க்கை அப்படித்தான்.

கே: ஜெயித்தவர் காரில் எடை ஏற்றுகிறார்களாமே. அது நியாயமா? எவ்வளவு பாதிக்கும்?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: நியாயம் என்றே சொல்வோம். ஐந்தாறு கம்பெனிகளின் வெவ்வேறு கார்கள் ஒன்றாக ஓடும்போது, சமன் செய்ய ஏதாவது வழி வேண்டும். டி.சி.ஆர். உலகக் கோப்பையில், முந்தைய பந்தயங்களின் சுற்று நேரத்தைக் கணக்கிட்டு ஒவ்வொரு கார் மாடலுக்கும் அதிகபட்சம் 60 கிலோ வரை ஈடு எடை ஏற்றினார்கள். அதற்கு மேல் இன்ஜின் சக்தியையும் தரையிலிருந்து காரின் உயரத்தையும் மாற்றும் தனிச் சமநிலை விதியும் உண்டு. பிரிட்டிஷ் தொடரில் பல ஆண்டுகள் புள்ளிப் பட்டியலின் முதல்வர் 75 கிலோ சுமந்தார். 2022-இல் ஹைபிரிட் வந்தபோது எடைக்குப் பதில் மின்விசை நேரத்தைக் குறைத்தார்கள்.

1,265 கிலோவோடு 60 கிலோ சேர்ந்தால் 4.7 சதவீதம். மணிக்கு 200 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் அந்த 60 கிலோ மட்டும் சுமார் 93 கிலோஜூல் கூடுதல் வெப்பத்தைப் பிரேக்கில் கொட்டும். ஒவ்வொரு பெரிய பிரேக்கிலும், ஒவ்வொரு சுற்றிலும். பிரேக் எண்ணெய் கொதிக்கும் எல்லையை நெருங்கும், மிதி ஆழமாகப் போகும். எடைத் தகடுகளைப் பயணி இருக்கை இருந்த தரையில் போல்ட் போட்டு முடுக்குவார்கள். கார் நடுவில் இருப்பதால் முன்பின் சமநிலை பெரிதாக மாறாது. ஆனால் முன்டயரின் மொத்தச் சுமை கூடுவது கூடுவதுதான். ஓட்டுநர் முன்பைவிட சில மீட்டர் முன்னதாக பிரேக்கைத் தொட வேண்டும். பழைய இடத்தையே பிடித்துக்கொண்டு பிடிவாதம் காட்டுபவர் பந்தயத்தின் பின்பாதியில் விலை கொடுப்பார்.

கே: 56 வயதில் உடம்பு ஒத்துழைக்குமா?
– வாசகர், சேலம்

ப: ஃபார்முலா ஒன் அளவுக்கு டூரிங் கார் கழுத்தை முறிக்காது. பந்தயமும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கஷ்டம் வேறிடத்தில். மூடிய கார், தீத்தடுப்பு உடை, உள்ளே 50 டிகிரியைத் தொடும் வெப்பம், அதில் ஒரே வார இறுதியில் மூன்று பந்தயங்கள். தண்ணீரும் உப்பும் முந்தைய நாளே உடம்பில் சேர்ந்திருக்க வேண்டும். காரில் ஏறும்போது குடிப்பது காலம் கடந்த மருந்து.

2018-இல் பத்து இடங்களில் முப்பது பந்தயங்கள். கடைசி இடம் மக்காவ். தார்க்குவீனி 306, முல்லர் 303. மூன்று புள்ளியில் பட்டம். முல்லரும் அதே ஹூண்டாய் ஐ30 என் காரைத் தன் சொந்த அணியில் ஓட்டினார் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். கார் காரணம் என்று சொல்ல வழியே இல்லை.

கே: 2016-க்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை என்றும், சோதனை ஓட்டுநராகப் போனார் என்றும் படித்தேன். சாம்பியனுக்கு அது இறக்கம் இல்லையா?
– வாசகர், வேலூர்

ப: இறக்கம் அல்ல, அதுதான் அவரைக் கடைசிப் பட்டத்துக்குக் கொண்டுபோன படி.

2012-இன் கடைசியில் ஹோண்டா உலகத் தொடருக்குள் வந்தபோது சிவிக் காரை ஓட்டியவர் போர்ச்சுகலின் டியாகோ மொண்டெய்ரோ. 2013-இல் தார்க்குவீனியும் அந்த அணியில் சேர்ந்தார். அந்த ஆண்டு ஸ்லோவாக்கியாவில் ஹோண்டாவுக்கு முதல் வெற்றி கொடுத்தவர் தார்க்குவீனியே. 2016-இல் லாடா வெஸ்டா. மாஸ்கோவில் வென்றார், ஆனால் ஆண்டு இறுதியில் லாடா விலகியது. 2017-இல் ஹூண்டாய் தன் முதல் டி.சி.ஆர். காரை உருவாக்க அவரை அழைத்தது. அந்தக் கார் அக்டோபரில் சீனாவின் ஜெஜியாங் களத்தில் முதன்முறையாகப் பந்தயத்தில் இறங்கியது. இறங்கிய வார இறுதியிலேயே தார்க்குவீனி வென்றார்.

சோதனை ஓட்டுநரின் வேலை வேகமாக ஓட்டுவது மட்டுமல்ல. ஒரே வேகத்தில், ஒரே கோட்டில், ஐந்து சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். சுற்றுக்குச் சுற்று அரை நொடி மாறினால் பொறியாளர் மாற்றிய ஸ்பிரிங்கின் பலன் என்ன என்று கணக்கிடவே முடியாது. ஒரு சமயத்தில் ஒரே பாகத்தை மாற்ற வேண்டும். மாற்றிப் பார்த்த பிறகு பழைய பாகத்தைத் திரும்பப் போட்டு இன்னொரு முறை ஓட்ட வேண்டும். களத்தில் ரப்பர் படிந்ததால் வந்த வேகமா, பாகத்தால் வந்த வேகமா என்று அப்போதுதான் தெரியும். 'கார் நன்றாக இல்லை' என்று சொல்பவர் உதவ மாட்டார். 'பிரேக்கை விட்டதிலிருந்து ஆக்ஸிலரேட்டர் தொடும் வரை மூக்கு தள்ளுகிறது, அதற்குப் பிறகு சரி' என்று சொல்பவருக்கே அடுத்த ஆண்டும் வேலை இருக்கும். டி.சி.ஆர். விதியில் கம்பெனி நேரடி அணி நடத்த முடியாது, காரை விற்க வேண்டும். வாங்குகிற சாதாரண அணிக்கும் ஓட்டக்கூடிய காராக அது இருக்க வேண்டும். உச்ச வேகத்தைவிட எளிதாகப் புரியும் கார் வேண்டும் என்று உணர்ந்த ஓட்டுநர் அங்கே தங்கத்துக்குச் சமம்.

கே: மக்காவ் களம் ஏன் எல்லாப் பட்டத்தையும் தீர்மானிக்கிறது?
– வாசகி, கோலாலம்பூர்

ப: பல ஆண்டுகள் சீசனின் கடைசிப் பந்தயம் அங்கே நடந்ததுதான் முதல் காரணம். 6.12 கி.மீ. நீளம், நகரத்தின் சாதாரணத் தெருக்கள். கடலோரம் நீண்ட நேர்பாதை, மாண்டரின் வளைவு கிட்டத்தட்ட முழு வேகத்தில், உடனே லிஸ்போவா வலப்பக்கத் திருப்பம். அங்கே மட்டுமே முந்த நல்ல இடம். பிறகு மலைமேல் தடுப்புச் சுவர்களுக்கு நடுவே. மெல்கோ கொண்டை ஊசி வளைவு அவ்வளவு குறுகல் என்பதால் அங்கே எப்போதும் மஞ்சள் கொடி, முந்தத் தடை. ஸ்டீயரிங் முழுவதும் திரும்ப வேண்டும் என்பதற்காக அணிகள் இந்த ஒரு களத்துக்குத் திருப்பக் கோணத்தைக் கூட்டிக் கொண்டுவருவார்கள். மறந்து வந்தவர் அங்கே ரிவர்ஸ் போட்டுத் திருப்ப நேரிடும்.

கே: என் மகனுக்கு 12 வயது. டூரிங் கார் ஓட்டுநர் ஆக வேண்டும் என்கிறான். எங்கே தொடங்குவது?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: உங்கள் ஊரிலேயே கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. முதலில் கார்ட்டிங் (கூரையில்லாத சிறு பந்தய வண்டி ஓட்டுவது). வாடகை கார்ட்டில் ஒரு ஆண்டு ஓட்டட்டும், சொந்தமாக வாங்க அவசரம் வேண்டாம். ஆர்வம் நிலைத்தால் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) உரிமம் எடுத்து தேசியப் போட்டிக்குப் போகலாம். பெரிய கார்களுக்கு வரும்போது சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. களம். அங்கே இந்திய டூரிங் கார் பிரிவுகள் ஓடுகின்றன. ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் அவனிடம் ஒரு நோட்டு இருக்கட்டும்: டயர் அழுத்தம் முன்னும் பின்னும், வெயில், எந்த வளைவில் என்ன நடந்தது. செலவு கையை மீறும் விளையாட்டு இது என்பதையும் இப்போதே குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கே: தார்க்குவீனி இப்போது ஓட்டுகிறாரா?
– வாசகர், தூத்துக்குடி

ப: 2021 சீசனோடு முழுநேரப் பந்தயத்தை நிறுத்திக்கொண்டார்.

கே: வீட்டில் டிவியில் பார்க்கும்போது, யார் டயரைக் காப்பாற்றுகிறார், யார் வீணாக்குகிறார் என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, புதுச்சேரி

ப: முடியும். காருக்குள் இருக்கும் கேமரா வரும்போது சாலையைப் பார்க்காதீர்கள், ஓட்டுநரின் கையைப் பாருங்கள். ஒரே வளைவில் முதல் சுற்றில் ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியது, ஆறாம் சுற்றில் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். அதிகமாகியிருந்தால் முன்டயர் போய்க்கொண்டிருக்கிறது. வளைவின் நடுவில் கை இரண்டாம் முறையாக இன்னும் கொஞ்சம் திருப்பினால், அப்போதே ரப்பர் பிய்கிறது என்று அர்த்தம். ஒரே திருப்பில் வளைவை முடித்து, வெளியேறும்போது கை சீராகத் தளர்ந்தால் அவரிடம் இன்னும் டயர் இருக்கிறது. பின்னால் துரத்தும் கார் வளைவுக்குள் நெருங்கி, நேர்பாதையின் தொடக்கத்தில் விலகிக்கொண்டே இருந்தால் துரத்துபவர் சீக்கிரம் மிதித்துச் சக்கரத்தைச் சுழலவிடுகிறார். வளைவில் விலகி, வெளியேறும்போது நெருங்கினால் அடுத்த இரண்டு சுற்றுக்குள் முந்தும் முயற்சியை எதிர்பாருங்கள்.